பயிற்சிக்கு அளவு எது?

விடியற்காலை வேளையில் தில்லியின் லோதித் தோட்டத்திலோ, மும்பை மாட்டுங்காப் பகுதியின் பூங்காக்களிலோ, கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரிக் கரையிலோ சற்று நின்று கேட்டால், நடை பழகும் கூட்டத்தினிடையே தமிழ்ப் பேச்சும் நம் காதில் விழும். அலுவலின் பொருட்டு ஊரை விட்டு வந்து, ஆயுளின் பெரும்பகுதியை நாற்காலியிலேயே கழித்து, ஐம்பதைக் கடந்தபின் மருத்துவர் சொன்னார் என்பதற்காக நடக்கத் தொடங்கியவர்கள் அவர்களுள் பலர். ஒருவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே அரை மணி நேரம் உலாவிவிட்டு, நெற்றியில் ஒரு துளி வியர்வையும் அரும்பாமல் வீடு திரும்புகிறார். மற்றொருவர் கைக்கடிகாரத்தில் மின்னும் எண்ணை நோக்கியவாறே, அது குறித்த இலக்கை எட்டும் வரையில் மூச்சு இரைக்க ஓடுகிறார். இருவரும் உடல்நலம் கருதி வந்தவர்களே. ஆயினும் இருவரிடமும் நாம் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "ஐயா, தாங்கள் செய்யும் பயிற்சி தங்களுக்குப் போதுமா, மிகையா? அதை எதைக் கொண்டு அறிந்தீர்கள்?"

இக்கேள்வி இன்று தோன்றியதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் இதனைக் கேட்டு வந்திருக்கின்றனர். மூச்சைக் கொண்டு அளந்தனர். பிறகு நாடியைக் கொண்டு அளந்தனர். பிறகு நாடியை எண்ணாக்கி, எண்ணை வாய்பாடாக்கினர். முடிவில், உழைப்பவனுடைய உணர்வையே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று கண்டனர். இந்த வரலாற்றை அறிந்துகொண்டால், கடிகாரம் காட்டும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம், நம் உடல் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு செவி கொடுக்கலாம் என்பது விளங்கும்.

நம் நாட்டின் பழைய மருத்துவ நூல்களுள் ஒன்று சுசுருத சம்ஹிதை. அறுவை மருத்துவத்திற்குப் புகழ் பெற்ற அந்நூல் உடற்பயிற்சியைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. தன் நலத்தை விரும்புபவன் நாள்தோறும் பயிற்சி செய்தல் வேண்டும். ஆனால் தன் பலத்தில் பாதியளவே செலவிடல் வேண்டும். மீறினால் அதுவே உயிருக்குக் கேடாகும் என்பது அதன் கருத்து. பாதி பலம் என்று சொல்வது எளிது. அதை எவ்வாறு கண்டறிவது? அதற்கும் அந்நூல் அடையாளம் கூறுகிறது. நெஞ்சில் நிலைபெற்றுள்ள வாயு, பயிற்சியின்போது வாய்க்கு வரத் தொடங்கும் நிலையே பாதி பலத்தின் குறி என்கிறது. மூக்கால் அமைதியாக மூச்சு விட்டவன் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் தருணத்தைத்தான் இது குறிப்பதாகக் கொள்ளலாம். வயது, பலம், உடலமைப்பு, இடம், காலம், உண்ணும் உணவு ஆகிய ஆறையும் ஆராய்ந்த பின்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றும், இல்லையேல் நோய் வரும் என்றும் அது எச்சரிக்கிறது.

பிற்காலத்தவரான வாக்படர் தம்முடைய அஷ்டாங்க ஹ்ருதயத்தில் இதே பாதி பலத்தைப் பருவத்தோடு இணைத்துச் சொன்னார். வலிமையுள்ளவரும் நெய்ப்பான உணவு உண்பவரும் குளிர் காலத்திலும் வசந்தத்திலும் பாதி பலம் வரை உழைக்கலாம். மற்றப் பருவங்களில் அதனினும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அளவு மீறி உழைப்பவன், யானையை இழுத்துச் செல்ல முயன்று தானே மாளும் சிங்கத்தைப் போலாவான் என்று உவமையும் கூறினார். இங்கு அழிவது நோயாளியோ நோஞ்சானோ அன்று, சிங்கம். பலசாலிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அறிவுறுத்தவே அவர் அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

ஏறக்குறைய இதே முடிவுக்கு மேற்கே ஒருவர் வந்தார். பெர்கமம் என்னும் நகரத்தில் பிறந்து, வாட்போர் புரியும் மல்லர்களுக்கு மருத்துவராயிருந்து, பின்னர் உரோமாபுரியில் புகழ் பெற்றவர் காலன். கி.பி. 2ஆம் நூற்றாண்டினர். எல்லா அசைவும் பயிற்சியாகாது, மூச்சின் போக்கை மாற்றும் அசைவே பயிற்சி என்று அவர் வரையறுத்தார். ஒருவனுக்குப் பயிற்சியாக அமையும் செயல் மற்றொருவனுக்கு வெறும் அசைவாகவே நின்றுவிடலாம் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. செயலை மட்டும் பார்த்து அளவு சொல்ல இயலாது. செய்பவனைப் பார்த்தே சொல்ல இயலும்.

மூச்சுக்கு அடுத்தபடியாக வருவது நாடி. நாடி பார்த்தல் நமக்குப் புதிதன்று. நம் சித்த மருத்துவர்கள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலையை உணர்ந்து நோயைக் கணித்தனர். அவர்கள் நாடியின் நடையையும் தன்மையையும் நோக்கினர். அதனை நிமிடத்திற்கு இத்தனை என்று எண்ணுவதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது. அக்கருவி உருவான இடம் ஐரோப்பா.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் பாதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சாந்தோரியோ என்னும் இத்தாலிய மருத்துவர் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். நூலில் குண்டைக் கட்டி ஊசலாட விட்டு, அதன் ஆட்டம் நோயாளியின் நாடித் துடிப்போடு ஒத்துப்போகும் வரை நூலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார். நாடி விரைந்தால் நூல் குறுகும், தளர்ந்தால் நீளும். இன்றைய நாடி நேற்றையதைவிட விரைவா, தளர்வா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்நூலே போதுமானதாயிருந்தது. ஆயின் அதில் நிமிடக் கணக்கு இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1707இல், இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரத்து மருத்துவரான ஜான் ஃபிளாயர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதனைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை நூலாக வெளியிட்டார். நாம் இன்று கையில் கட்டியிருக்கும் நாடிக் கடிகாரத்திற்கு அதுவே முன்னோடி எனலாம்.

ஆனால் நாடி ஏன் விரைகிறது? உழைக்கும் உடலுக்குள் நடப்பது என்ன? இதற்கு விடை தேடியவர் பிரெஞ்சு நாட்டு வேதியியல் மேதை லவாய்சியர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும், தம் உதவியாளரான செகேன் என்பவரின் முகத்தில் மூடி ஒன்றைப் பொருத்தி, அவர் சும்மா இருக்கும்போதும், உண்ட பின்பும், காலால் மிதித்துப் பளு தூக்கும்போதும் எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறார் என்று அளந்தார். லவாய்சியரின் மனைவி அருகில் மேசையில் அமர்ந்து குறிப்பெழுதுவதை அவரே வரைந்த சித்திரத்தில் இன்றும் காணலாம். உழைப்பு ஏற ஏறப் பிராணவாயுவின் செலவும் நாடித் துடிப்பும் ஏறுவதை அவர்கள் கண்டனர். பயிற்சியின் கடுமையைக் கருவிகொண்டு அளந்த முதல் முயற்சிகளுள் இது தலையாயது.

அந்த ஆய்வறிக்கையில் லவாய்சியர் கேட்ட கேள்வி ஒன்று இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. உடலுழைப்பால் வாழும் ஏழையின் உடல் செல்வந்தனுடையதைக் காட்டிலும் அதிகமாக எரிகிறது. ஆகவே அவனுக்கு அதிக உணவு வேண்டும். ஆனால் உணவு மிகுந்திருப்பதோ உழைக்காதவனிடம் அல்லவா என்று அவர் வருந்தினார். ஐந்தாண்டுகளுக்குள், 1794 மே 8ஆம் நாள், புரட்சி அரசின் தீர்ப்பால் அவருடைய தலை வெட்டுண்டது. அவர் தொடங்கிய ஆய்வு நெடுங்காலம் அரைகுறையாகவே கிடந்தது.

20ஆம் நூற்றாண்டில் அதைத் தொடர்ந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலேய உடலியலறிஞர் ஏ. வி. ஹில். தசையில் வெப்பம் உண்டாவதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மான்செஸ்டரில் பணியாற்றிய காலத்தில், வெளிவிடும் மூச்சைச் சேகரிக்கும் பையை முதுகில் சுமந்துகொண்டு புல்தரையைச் சுற்றி ஓடும் சோதனைகளைத் தம் தோழர்களோடு நடத்தினார். ஓடியவர்களுள் அவரும் ஒருவர். வேகத்தைக் கூட்டக் கூட்டப் பிராணவாயுவின் செலவு கூடிக்கொண்டே போய், ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினாலும் உடல் அதிக வாயுவை ஏற்க இயலுவதில்லை என்று 1923இல் வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் இந்த உச்ச எல்லை வேறு. சுசுருதர் பேசிய முழு பலத்திற்கு இப்போது அளந்தறியத் தக்க ஒரு பொருள் கிடைத்தது. முழுமை இன்னதென்று தெரிந்தாலன்றோ பாதி இன்னதென்று சொல்லலாம்! இதே ஹில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டின் விஞ்ஞான ஆராய்ச்சியை எவ்வாறு அமைக்கலாம் என்று அறிக்கை தந்தவர் என்பதும் நாம் நினைக்கத் தக்கது.

ஆயினும் மூச்சுப் பையைச் சுமந்து ஓடுதல் எல்லோருக்கும் ஆகுமா? எளிய சோதனை ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை களைப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதைச் சார்ந்த லூசியன் புரூஆ என்பவர் 1943இல் படியேற்றச் சோதனையை வெளியிட்டார். 20 அங்குல உயரமுள்ள படி. நிமிடத்திற்கு 30 முறை ஏறி இறங்கல். ஐந்து நிமிடம், அல்லது முடிந்த மட்டும். பிறகு அமர்ந்து, நாடி எவ்வளவு விரைவில் தணிகிறது என்று எண்ணிப் பார்த்தல். பயிற்சியின்போது நாடி எவ்வளவு உயர்கிறது என்பதோடு, ஓய்ந்தபின் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதும் உடலின் தகுதிக்குச் சான்று என்னும் கருத்து இதனால் பரவியது. ஆனால் அந்தப் படி திடகாத்திரமான இளைஞர்களுக்காக அமைந்தது. உயரம் குறைந்தவருக்கு 20 அங்குலம் பெரும்பாடு. ஆதலின் பிற்காலத்தில் பலருக்கும் ஏற்பப் படியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டனர்.

இதுகாறும் மிகையுழைப்பின் எல்லையைப் பற்றியே பேசினோம். குறையுழைப்பின் தீமையை உலகம் கணக்கோடு அறிந்தது 1950களில்தான். இலண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ மாடிக்கும் கீழுக்குமாக நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். இருவர்க்கும் ஒரே வண்டி, ஒரே நகரம். ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்களிடையே இதய நோய் நடத்துநர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அஞ்சல் துறையிலும் நடந்து கடிதம் வழங்குவோரைவிட அமர்ந்து எழுதுவோருக்கே இடர் மிகுதியாயிருந்தது. தம் முடிவைத் தாமே ஐயுறும் பண்பு மாரிஸிடம் இருந்தது. பணியில் சேரும்போதே ஓட்டுநர்கள் பருத்தவர்களாயிருந்தனரோ என்று, சீருடையின் அளவுக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தார். ஓரளவு அவ்வாறே இருந்ததை 1956இல் வெளியிட்டார். எனினும், அசைவற்ற வாழ்க்கை இதயத்துக்கு ஆகாது என்ற முடிவைப் பின்வந்த பல ஆய்வுகளும் உறுதி செய்தன.

அதே 1956இல் நம் நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேற்கு வங்காளத்தின் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் உழைப்பையும் ஜீன் மேயரும் அவருடைய இந்தியத் தோழர்களும் ஆராய்ந்தனர். உழைப்பு ஓரளவுக்கு மேற்பட்டவர்களிடையே, உழைப்புக்குத் தக்கபடி உணவும் ஏறியது. எடை நிலையாக நின்றது. ஆனால் மேசையில் அமர்ந்திருந்தோரும் கடையில் அமர்ந்திருந்தோரும் குறைவாக உண்ணவில்லை. கடுமையாக உழைத்தவர்க்கு நிகராக உண்டனர். எடையில் மட்டும் விஞ்சி நின்றனர். இயக்கம் குறைந்தால் பசியும் குறையும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஓர் எல்லைக்குக் கீழே அந்த நியதி செயற்படுவதில்லை. லவாய்சியர் ஏழையின் பொருட்டு வருந்தியதற்கு மறுபக்கமாக, அமர்ந்து உண்பவனுக்கும் ஓர் ஆபத்து உண்டென்று இந்த ஆலை எடுத்துக் காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டீகர் ஆகிய நான்கு இடங்களிலும் சேர்த்துப் பார்த்தபோது, ஆராயப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலியக்கம் இல்லாதவர்களாயிருந்தனர். ஊரில் இருப்பவருக்கும் வெளியூர் சென்றவருக்கும் இது பொதுவான குறையே.

அப்படியானால் எந்த அளவுக்கு உழைத்தால் பயன் தொடங்கும்? பின்லாந்து நாட்டு மார்ட்டி கார்வோனனும் அவருடைய தோழர்களும் 1957இல் இதற்கு ஒரு விடை தந்தனர். ஒரு சில இளைஞர்களைக் காலடியில் ஓடும் பட்டையின் மீது பல வாரங்கள் ஓடச் செய்து நாடியைக் கவனித்தனர். ஓய்வு நாடிக்கும் உச்ச நாடிக்கும் இடையேயுள்ள தூரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டி உழைத்தவர்களிடமே முன்னேற்றம் காணப்பட்டது. இக்கணக்கின் சிறப்பு யாதெனில், அது ஒவ்வொருவரின் ஓய்வு நாடியிலிருந்து தொடங்குகிறது. ஓய்வில் 70ம் உச்சத்தில் 175ம் துடிக்கும் ஒருவருக்கு இடைத்தூரம் 105. அதில் 60 விழுக்காடு 63. எழுபதோடு அதைக் கூட்டினால் 133. இது அவருக்குரிய எண். அவருடைய நண்பருக்குரியது அன்று. மேலும், அந்த ஆய்வு ஆரோக்கியமுள்ள இளைஞர் சிலரைப் பற்றியது. நெடுநாள் உழைக்காதிருந்தவர்க்கு அதனினும் குறைந்த அளவிலேயே பயன் தொடங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. உச்ச நாடியை அறிய ஒருவரை உச்சம் வரை ஓடச் செய்ய வேண்டும். முதியவர்க்கும் நோயுற்றவர்க்கும் அது அபாயம். ஆகவே, 220 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் வருவதே உச்ச நாடி என்னும் வாய்பாடு உலகெங்கும் பரவியது. ஐம்பது வயதினருக்கு 170. அறுபது வயதினருக்கு 160. உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களிலும், கைக்கடிகாரங்களின் உள்ளேயும் இதுவே குடிபுகுந்தது. ஆனால் இது பிறந்த கதையைக் கேட்டால் வியப்பாயிருக்கும். சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கல் என்னும் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து திரட்டிய புள்ளிகளை ஒரு படத்தில் இட்டு, அவற்றினூடே உத்தேசமாக ஒரு கோட்டை இழுத்துப் பார்த்தனர். 1971இல் வெளியான அவர்கள் கட்டுரையிலிருந்தே இவ்வாய்பாடு கிளைத்தது. முறையான கணிதக் கணிப்பு அதன் பின்னே இல்லை என்பதை 2002இல் அதன் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டினர்.

2001இல் ஹிரோபூமி தனாகாவும் அவருடைய தோழர்களும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும் என்று திருத்தம் கூறினர். நாற்பது வயதில் இரு கணக்கும் 180 என்றே வரும். எழுபது வயதிலோ பழைய கணக்கு 150 என்கும், புதியது 159 என்கும். ஆனால் திருத்திய வாய்பாடும் சராசரியே. ஒரே வயதுடைய மூவரை நிறுத்தினால், ஏறத்தாழ ஒருவருடைய உண்மை உச்சம் வாய்பாட்டினின்று பத்துப் பன்னிரண்டு துடிப்புக்கு மேல் விலகியிருக்கும். அவர் கடிகாரத்தை நம்பி ஓடினால், தம் சக்திக்கு மீறி ஓடக்கூடும். அல்லது பயனின்றி மெல்ல நடந்துகொண்டிருக்கவும் கூடும். 1964இல் ஜேம்ஸ் பிளாக் என்னும் விஞ்ஞானி புரோப்ரனோலால் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் பலர் உட்கொள்ளும் அவ்வகை மருந்துகள் நாடியின் வேகத்தையே அடக்கிவிடுகின்றன. அத்தகையோர் எவ்வளவு உழைத்தாலும் கடிகாரம் குறித்த இலக்கு எட்டாது. எட்டியே தீருவேன் என்று முயல்வது பேராபத்தில் கொண்டு விடும்.

எண்ணின் இந்தக் குறையை ஈடு செய்ய வந்தவர் மருத்துவர் அல்லர். சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் போர்க். உழைப்பவன் தன் உழைப்பின் கடுமையை எவ்வாறு உணர்கிறான் என்பதையே அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். 1962இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டு, அதனையடுத்த ஆண்டுகளில் 6 முதல் 20 வரையிலான அளவுகோல் ஒன்றை அமைத்தார். 9 என்றால் மிக இலேசு, 11 என்றால் இலேசு, 13 என்றால் சற்றுக் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம். ஏன் ஆறில் தொடங்கினார்? நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் கூறும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், அது அவருடைய நாடித் துடிப்புக்கு ஏறக்குறைய ஒத்திருக்கும்படி அமைத்ததே காரணம். 13 என்று உணர்பவருடைய நாடி 130ஐ ஒட்டி நிற்கும். எந்தக் கருவியும் இன்றி மனிதன் தன்னைத் தானே அளந்துகொள்ள முடியும் என்பதற்கு இது அறிவியல் தந்த சான்று. இதய நோயிலிருந்து தேறுவோரைப் பயிற்றும் மருத்துவமனைகள் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றன.

இதனினும் எளிய முறை ஒன்று உண்டு. அது பேச்சு. நடக்கும்போது வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர உழைப்பு. சில சொற்களுக்கொரு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடும் உழைப்பு. பாட்டே பாட முடிகிறதென்றால் இன்னும் பயிற்சி தொடங்கவில்லை என்று பொருள். காலன் மூச்சின் மாற்றத்தைப் பயிற்சியின் அடையாளமாகக் கொண்டதும், சுசுருத நூல் வாய்க்கு வரும் வாயுவைப் பாதி பலத்தின் குறியாகக் கூறியதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. அத்தனை கருவிகளையும் கடந்து வந்த பின்னும் மூச்சே முதற் சான்றாக நிற்கிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இன்னொன்றையும் கருத வேண்டும். பழைய நூல் கூறிய ஆறனுள் இடமும் காலமும் அடங்கியிருந்தன அல்லவா? வெப்பத்தில் தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் தேவைப்படுவதால், அதே நடைக்கு நாடி அதிகம் துடிக்கிறது. உடல் வெப்பத்திற்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். எனவே வைகாசி வெயிலில் தில்லியில் நடப்பவர் மார்கழி வேகத்தை எதிர்பார்த்தல் தகாது. மறுபுறம், கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. இதய நோயுடையவர் விடியற்குளிரில் எடுத்த எடுப்பில் விரைந்து நடப்பது கூடாது; வெயில் ஏறிய பின் மெல்லத் தொடங்குதல் நன்று. வட இந்திய நகரங்களில் குளிர் காலத்தில் காற்று மாசடைந்து கிடக்கும் நாட்களில், ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியை வீட்டிற்குள் வைத்துக்கொள்வதே விவேகம்.

உயரமும் அவ்வாறே. 1962ஆம் ஆண்டுப் போரின்போதும் அதன் பின்னும், சமவெளியிலிருந்து இமயத்தின் உச்சிகளுக்கு நம் படைவீரர்கள் விரைந்து கொண்டு செல்லப்பட்டனர். வலிமை மிக்க இளைஞர்களே தலைவலியாலும் மூச்சுத் திணறலாலும், நுரையீரலில் நீர் கோத்தும் வாடினர், சிலர் உயிரிழந்தனர். இந்திய இராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு 1969இல் வெளியாகி உலகெங்கும் மதிப்புப் பெற்றது. படிப்படியாக உயரத்திற்குப் பழகிய பின்பே உழைக்க வேண்டும் என்னும் பாடத்தை அந்த அனுபவம் உறுதி செய்தது. இன்று விமானத்தில் லே நகரில் இறங்குபவர் முதல் ஓரிரு நாட்கள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதன் பின்னணி இதுவே. வாக்படரின் சிங்கம் இங்கும் நம் கண்முன் வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரைப்படி, வளர்ந்தவர் ஒருவர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பையோ, 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பையோ மேற்கொள்ளுதல் நலம். அதற்கும் குறைவாகச் செய்தாலும், ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேல் என்றும் அது கூறுகிறது. நெடுநாள் பழக்கமில்லாதவர் பத்து நிமிட நடையில் தொடங்கி, முதலில் நேரத்தைக் கூட்டி, பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும். மார்பில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ, படபடப்போ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். அந்நேரத்தில் கடிகாரம் காட்டும் எண்ணைப் பொருட்படுத்தல் ஆகாது. சர்க்கரை நோயோ, இதய நோயோ, இரத்த அழுத்தமோ உடையவர் கடும் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைக் கலந்து, தாம் உண்ணும் மருந்து நாடியைப் பாதிக்குமா என்றும் கேட்டறிதல் அவசியம்.

இப்போது பூங்காவில் நாம் கண்ட இருவரிடமும் திரும்புவோம். ஊர்க்கதை பேசி உலாவுபவர் தம் பேச்சைத் துறக்க வேண்டியதில்லை. பேச்சு சற்றே தடைபடும் அளவுக்கு நடையை விரைவுபடுத்தினால் போதும். பேசுபவரின் மூச்சே அவருக்கு அளவுகோலாகிவிடும். கடிகாரத்தை நோக்கி ஓடுபவரும் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஒரு மாதத்திற்கு முன் இதே நடைக்கு நாடி எவ்வளவு, இன்று எவ்வளவு என்று தம்மைத் தம்மோடு ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல துணை. சாந்தோரியோ தம் ஊசலைக் கொண்டு செய்ததும் அதுவேயன்றோ! ஆனால் யாரோ சிலருடைய புள்ளிகளினூடே இழுத்த கோட்டை எட்டிப் பிடிக்க அவர் ஓட வேண்டாம். நாளைக் காலையில் இருவரும் சேர்ந்து நடப்பாராயின், ஒருவர் சற்று விரைந்தும் மற்றவர் சற்றுத் தணிந்தும், இடையில் எங்கோ ஒத்த நடைக்கு வந்து சேர்வர்.